கூடு பாய்வோர் கோட்டை: இணையக் குழுவுக்காக ஒரு சந்தேக ஆட்டம் உருவான விதம்

மாயாஜாலக் களத்தில் ஒரு மாஃபியா ஆட்டம், அதாவது நடுவில் ஒளிந்திருக்கும் கெட்டவர்களைப் பேசியும் ஓட்டுப் போட்டும் பிடிக்கும் ஆட்டம், போடலாமா என்று எங்கள் இணையக் குழுவில் பேச்சு எழுந்தபோது வந்து குவிந்த யோசனைகளில் முக்கால்வாசி சக்திகளைப் பற்றியவை. இறந்தவரை எழுப்பும் சூனியக்காரி வேண்டும் என்றார் ஒருவர். இரண்டு ஓட்டு உள்ள அரசன் வேண்டும் என்றார் இன்னொருவர். ஆளுக்கொரு மந்திரம் இருந்தே ஆக வேண்டும், வெறும் ஊர்க்காரர் என்று யாரும் இருக்கக் கூடாது என்று ஒரு கோஷ்டி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வகை ஆட்டத்தில் மந்திரம் கூடக் கூடப் பேச்சு குறையும். மாயாஜாலக் களத்தில் தொடங்கும் ஆட்டங்கள் பாதியில் படுத்துவிடுவதற்கு இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன். ஆளைப் பார்த்துச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டு, எல்லோரும் சக்திகளைக் கூட்டிக் கழித்துக் கணக்குப் போட உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அதனால் ஒவ்வொரு மந்திரத்தையும் சேர்க்கும் முன் ஒரே கேள்வியைக் கேட்டோம். இது மறுநாள் காலையில் எல்லோரும் அலசுவதற்கு எதையாவது விட்டுவைக்கிறதா, இல்லை பேச்சுக்கே வேலையில்லாமல் செய்துவிடுகிறதா? அந்தக் கேள்வி எதையெல்லாம் வெட்டியது, எதையெல்லாம் மாற்றியது என்பதுதான் இந்த ஆய்வு.

குழுவும் நேரமும்

அடிப்படை ஆட்டம் பலருக்கும் தெரிந்ததுதான். 1980களின் பிற்பாதியில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் திமித்ரி தாவிதோஃப் உருவாக்கியது மாஃபியா. 1997இல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதை ஓநாய் மனிதர்களின் கதையாக மாற்றி இணையத்தில் போட்டார். 2018இல் வந்த அமாங் அஸ் என்ற வீடியோ விளையாட்டு, 2020இல் உலகமே வீட்டுக்குள் அடைந்திருந்தபோது இந்த வகையை வீடுவீடாகக் கொண்டுபோனது. எல்லாவற்றிலும் ஒரே எலும்புக்கூடுதான். விவரம் தெரிந்த ஒரு சிறு கூட்டம் (கெட்டவர்கள்), தெரியாத ஒரு பெருங்கூட்டம் (ஊர்). இரவில் சிறு கூட்டம் ஒருவரைக் கொல்லும். பகலில் எல்லோரும் பேசி, ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்றுவார்கள்.

நேரில் ஆடும்போது முகம், குரல், சிரிப்பு எல்லாம் சாட்சி. எங்கள் குழுவில் எழுத்து மட்டும்தான். ஆட்கள் வெவ்வேறு நேர மண்டலங்களில் இருந்தார்கள். ஒருவர் தூங்கப் போகும்போது இன்னொருவர் எழுந்து பல் விளக்கிக்கொண்டிருப்பார். ஆகவே பகல் 48 மணி நேரம், இரவு 24 மணி நேரம் என்று வைத்தோம். 13 பேர் ஆடி, ஒவ்வொரு பகலிலும் ஒருவர் வெளியேறினால், ஆட்டம் கடைசி மூவர் வரை இழுத்தாலும் 17 நாளில் முடிந்துவிடும். அதற்கு மேல் போனால் ஆள் தங்க மாட்டார்கள்.

எழுத்தில் ஆடுவதில் ஒரு லாபம் உண்டு. சொன்னது அப்படியே கிடக்கும். மூன்றாம் நாள் காலையில் ஒருவர் முதல் நாள் என்ன சொன்னார் என்று புரட்டிப் பார்க்கலாம். நேர் ஆட்டத்தில் இது நடக்காது. பெரிய நஷ்டம் மௌனம். நேரில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். இணையத்தில் மௌனமாக இருப்பவர் இருக்கிறார் என்பதே மறந்துபோகும். கெட்டவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை.

13 பேரில் எத்தனை கெட்டவர்கள்?

இதைக் குத்துமதிப்பாக வைப்பவர்கள்தான் அதிகம். ஒரு தாளும் பேனாவும் இருந்தால் கணக்கே போட்டுவிடலாம். யாருக்கும் எந்தச் சக்தியும் இல்லை, ஓட்டு குருட்டாம்போக்கில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 பேர் மிச்சம், அதில் ஒருவர் கெட்டவர் என்றால் ஊர் ஜெயிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. 5 பேரில் ஒருவர் என்றால் 15இல் 7. இப்படியே கீழிருந்து மேலே ஏறிக்கொண்டு போனால் 13 பேரில் 2 கெட்டவர்களுக்கு ஊரின் வாய்ப்பு ஏறத்தாழ 39 சதவீதம், 3 கெட்டவர்களுக்கு ஏறத்தாழ 21 சதவீதம். மனிதர்கள் குருட்டாம்போக்கில் ஓட்டுப் போடுவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் எந்தப் பக்கம் எவ்வளவு கை கொடுக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல அளவுகோல்.

பிரேவர்மேன், எதெசாமி, மொசெல் என்ற மூவர் 2008இல் இதைப் பற்றி முறையான கணிதக் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள். ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று இரவில் கேட்டறியும் துப்பறிபவர் இல்லாத ஆட்டத்தில், கெட்டவர்களின் எண்ணிக்கை மொத்த ஆட்களின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்ந்தால்தான் இரு பக்கமும் ஈடாக நிற்கும் என்பது அதன் முக்கிய முடிவு. துப்பறிபவரை உள்ளே விட்டால் நிலைமை தலைகீழ். கெட்டவர்கள் மொத்தத்தில் ஒரு குறிப்பிட்ட பங்காகவே இருந்தாக வேண்டும். ஒரே ஒரு பாத்திரம் ஆட்டத்தை எவ்வளவு சாய்க்கிறது பாருங்கள்.

2 கெட்டவர்கள் போதுமே என்று சிலர் சொன்னார்கள். எண்ணைப் பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் இருவரில் ஒருவர் முதல் பகலிலேயே மாட்டிக்கொண்டால் மற்றவர் இரண்டு வாரம் தனியாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பேசித் திட்டம் போட ஆள் இல்லாத கெட்டவர் சீக்கிரம் சோர்ந்துவிடுவார். அதனால் 3 என்று முடிவாயிற்று. 21 சதவீதத்தை 50க்குப் பக்கத்தில் கொண்டுவருவது ஊர்ப் பாத்திரங்களின் வேலை.

இன்னொரு விஷயம், ஒற்றைப்படை. 3 பேரில் ஒரு கெட்டவர் என்றால் ஊருக்கு மூன்றில் ஒரு வாய்ப்பு என்றோம். ஒரு நல்லவரைக் கூடச் சேர்த்து 4 ஆக்கினால் வாய்ப்பு கூட வேண்டும்தானே? குறைகிறது. ஓட்டு தவறினால் அன்றிரவோடு கதை முடிந்துவிடும் என்பதால் அது நான்கில் ஒன்றுதான். 4 பேர் இருக்கும்போது யாரையும் வெளியேற்றாமல் விட்டு, இரவைக் கடந்து 3 பேராக ஓட்டுப் போடுவதே மேல். ஆகவே 'இன்று யாருமில்லை' என்று ஓட்டுப் போடவும் விதியில் இடம் வேண்டும். பல விதித்தாள்களில் இதைக் காணோம்.

கூடு பாய்தல்

கதைக்களம் ஒரு மலைக்கோட்டை. வெளியிலிருந்து மூன்று மந்திரவாதிகள் உள்ளே புகுந்து, கோட்டைவாசிகளின் உருவத்தில் உலவுகிறார்கள். கூடு விட்டுக் கூடு பாயும் வித்தை தெரிந்தவர்கள். இந்த வித்தை நம் கதைகளில் ஆதியிலிருந்தே இருப்பதால் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெயரைச் சொன்னதுமே பாதி விதி புரிந்துவிட்டது.

முதல் வரைவில் பாய்தல் என்பது ஆளையே மாற்றுவதாக இருந்தது. இரவில் ஒரு நல்லவருக்குள் புகுந்தால் அவர் மறுநாளிலிருந்து கெட்டவர் பக்கம். கதைக்கு இது அபாரமாகப் பொருந்தும், ஆட்டத்துக்கு விஷம். நான்கு நாள் மனதாரப் பேசிய ஒருவர் ஐந்தாம் நாள் எதிர்ப்பக்கம் போய்விட்டால், அவர் முன்பு பேசிய எதையும் சாட்சியாக எடுக்க முடியாது. எழுத்து ஆட்டத்தின் ஒரே பலமே பழைய பேச்சுதான். அதன் வேரையே இது அறுக்கிறது. தன் பக்கத்துக்காக உண்மையாக உழைத்தவருக்கும் இது எரிச்சல்.

இப்போதுள்ள விதி வேறு. மந்திரவாதிகள் ஒருவருடைய ஓட்டுக்குள் மட்டும் பாய்கிறார்கள். பகல் முடியும் முன்பு நடுவருக்கு ரகசியமாகச் செய்தி அனுப்பினால், அவர்கள் சொன்ன ஆளுடைய ஓட்டு அவர்கள் சொன்ன இடத்துக்கு மாறும். முடிவு அறிவிக்கும்போது எல்லோருக்கும் இது தெரியும். அவர் எழுதியது ஒன்று, பட்டியலில் இருப்பது வேறொன்று. ஆட்டம் முழுக்க இரண்டே முறைதான் பாயலாம்.

இதில் எனக்குப் பிடித்தது, அது விட்டுப்போகும் தடயம். யாருக்குள் பாய்ந்தார்கள், ஓட்டை எங்கே நகர்த்தினார்கள் என்பது ஊரறிந்த செய்தி. ஏன் என்பதுதான் யாருக்கும் தெரியாது. மந்திரவாதி தனக்குத் தானே பாய்ந்துகொண்டு 'ஐயோ, என் ஓட்டைத் திருடிவிட்டார்கள்' என்று ஒப்பாரி வைக்கலாம். அதனால் பாயப்பட்டவர் நல்லவர் என்று சான்றிதழ் ஆகிவிடாது.

ஒரு வரம்பு தேவைப்பட்டது. ஒரு ஓட்டு இங்கிருந்து அங்கே போனால் வித்தியாசம் இரண்டு மாறும். வெளியேற்றப் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும் என்பது எங்கள் விதி. 9 பேர் இருக்கையில் 5 ஓட்டு வேண்டும். மூன்று மந்திரவாதிகளும் திருடிய ஓட்டும் சேர்த்தால் 4தான். 7 பேராகிவிட்டால் அதே 4 ஓட்டு பெரும்பான்மை, ஊர் தோற்றது. எனவே 9 பேருக்குக் கீழே இறங்கியதும் வித்தை செல்லாது.

மற்ற பாத்திரங்கள்

பொதுவாக இருக்கும் ஞானியை எடுத்துவிட்டோம். ஒவ்வொரு இரவும் ஒருவரைக் காட்டி 'நல்லவரா கெட்டவரா' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பாத்திரம் அது. ஞானி இருக்கும் ஆட்டத்தில் எல்லோரும் ஞானி வாய் திறப்பதற்காகக் காத்திருப்பார்கள். நல்லவர் என்று முத்திரை விழுந்தவர் அதற்கப்புறம் ஒரு வரி எழுதாவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அவருக்குப் பதிலாக நிழல்காரி. அவள் ஓர் ஆளைத் தேர்ந்தால், அன்றிரவு அந்த ஆளின் நிழல் யார் வீட்டுக்குப் போனது என்று மட்டும் தெரியும். மூன்று மந்திரவாதிகளில் ஒருவர்தான் கொலைக்குப் போவார். அதனால் 'எங்கும் போகவில்லை' என்ற பதில் யாரையும் காப்பாற்றாது. செத்தவர் வீட்டுக்குப் போனார் என்று வந்தால் அது நேரடிச் சாட்சிதான். ஆனால் அப்படி மாட்டுவது அபூர்வம், நிழல்காரி சொல்வதை ஊர் நம்பவும் வேண்டும்.

யாளிக்காவலர் ஒருவரைக் காப்பார், அடுத்தடுத்த இரவுகளில் ஒரே ஆளைக் காக்க முடியாது. மணியடிப்பவர் ஆட்டத்தில் ஒரே முறை ஒரு வீட்டுக்கு மணி கட்டலாம். மறுநாள் காலை அந்த வீட்டுக்கு எத்தனை பேர் வந்துபோனார்கள் என்ற எண் மட்டும் எல்லோருக்கும் அறிவிக்கப்படும். 'இரண்டு பேர்' என்று வந்து, வீட்டுக்காரர் உயிரோடும் இருந்துவிட்டால் அன்று முழுக்கப் பேசலாம். வந்தது காவலரும் கொலைகாரருமா, காவலரும் நிழல்காரியுமா?

மிச்சம் ஏழு பேர் வெறும் கோட்டைவாசிகள். ஆளுக்கொரு மந்திரம் கேட்ட கோஷ்டிக்கு இது கசந்தது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. மாயாஜாலக் களம் என்று கூப்பிட்டுவிட்டு 'உனக்கு ஒன்றுமில்லை' என்று செய்தி அனுப்பினால் யாருக்கும் சப்பென்று ஆகும். இதே வகையைச் சேர்ந்த பிளட் ஆன் தி கிளாக்டவர் என்ற ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு தனித்தன்மை உண்டு. செத்தவர்கள்கூடத் தொடர்ந்து பேசுவார்கள், ஒரே ஒரு கடைசி ஓட்டும் அவர்களிடம் இருக்கும். நேரில் கூடி ஆட அது அருமையான ஏற்பாடு. வாரக்கணக்கில் எழுத்தில் ஓடும் ஆட்டத்தில் 13 தனிச் சக்திகளை ஒரு நடுவர் கையாள்வது தலைவலி.

விளக்கு

வெறும் கோட்டைவாசிகளின் ஏமாற்றத்துக்கும் மௌனத்துக்கும் சேர்த்தே ஒரு மருந்து கிடைத்தது. மந்திரவாதிகள் உட்பட 13 பேர் கையிலும் ஒரு விளக்கு. ஆட்டத்தில் ஒரே முறை, பகலில், பொதுவில் அதை ஒருவர் முன் ஏற்றலாம். விளக்கு ஏற்றப்பட்டவர், தான் அதிகம் சந்தேகிக்கும் மூவரை வரிசைப்படுத்தி, ஆளுக்கு ஒரு காரணத்தோடு, பகல் முடிவதற்குள் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அன்றைய ஓட்டு செல்லாது. உண்மைதான் எழுத வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இதில் மாயமே இல்லை என்று ஒருவர் முறையிட்டார். இல்லைதான். ஆனால் சோதனை ஆட்டங்களில் அதிகம் பேசப்பட்டது இந்த விளக்குதான். பதுங்கியிருப்பவரை வெளியே இழுக்கக் குழுவுக்கு ஒரு கருவி கிடைத்தது. யார் யார் முன் ஏற்றினார்கள் என்பதே ஒரு தடயமாகவும் ஆனது. கூட்டாளி மௌனமாக இருப்பது தெரிந்தும் மந்திரவாதி எப்போதும் வேறொருவர் முன்னால்தான் விளக்கேற்றுவார். பின்னால் புரட்டிப் பார்த்தால் அது துருத்திக்கொண்டு தெரியும்.

இரண்டாம் பகல்

ஒரு சோதனை ஆட்டத்தின் இரண்டாம் பகலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். எல்லோருக்கும் கோட்டைத் தொழில்களே பெயர். முதல் பகலில் ஒரு கோட்டைவாசி வெளியேறிவிட்டார், இரவில் இன்னொருவர் செத்தார். 11 பேர், பெரும்பான்மைக்கு 6.

பாணர் காலையிலிருந்தே தச்சர் மேல் பாய்ந்துகொண்டிருந்தார். முதல் நாள் தச்சர் தன் ஓட்டைக் கடைசி அரை மணி நேரத்தில் மாற்றியதுதான் குற்றச்சாட்டு. தச்சர் சுருக்கமாகப் பதில் சொல்பவர், அது அவருக்கு எதிராகவே வேலை செய்தது. மாலைக்குள் தச்சர் மேல் 6 ஓட்டு, பாணர் மேல் 4, ஒருவர் ஓட்டே போடவில்லை. நேரம் முடிந்தது. நடுவர் பட்டியல் போட்டார்: தச்சர் 5, பாணர் 5. ஓடக்காரருடைய ஓட்டு நகர்ந்திருந்தது. யாரும் வெளியேறவில்லை.

அப்புறம் குழுவில் நடந்ததுதான் இந்த ஆட்டத்தை வைத்துக்கொள்ளலாம் என்று எங்களை முடிவெடுக்க வைத்தது. 'மந்திரவாதிகள் தச்சரைக் காப்பாற்றிவிட்டார்கள், அவர் அவர்களில் ஒருவர்' என்றது ஒரு பக்கம். 'இவ்வளவு பட்டவர்த்தனமாகவா காப்பாற்றுவார்கள்? தச்சரை நாளைக்கு நாமே தூக்க வேண்டும் என்றுதான் இந்த நாடகம்' என்றது மறுபக்கம். ஓடக்காரர், 'என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாராவது யோசித்தீர்களா?' என்று கேட்டுவிட்டு, ஆறு பேரில் கடைசியாக ஓட்டுப் போட்டது தான்தான் என்பதைச் சுட்டினார். அதுவரை அதை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த பகலில் தச்சர் வெளியேற்றப்பட்டார். அவர் வெறும் கோட்டைவாசி. பாய்ந்தது வீண்பழி போடத்தான். இதில் மந்திரவாதிகளுக்கு இன்னொரு மறைமுக லாபமும் இருந்தது. 11 பேரில் 3 மந்திரவாதிகள் என்ற நிலையில் குருட்டு ஓட்டில் ஊரின் வாய்ப்பு சுமார் 16 சதவீதம். அந்தப் பகல் வீணாகி 10 என்ற இரட்டைப்படையில் வந்து நின்றதும், 'இன்று யாருமில்லை' என்று ஒரு பகலை விட்டு 9க்கு இறங்கினாலும் அது சுமார் 11 சதவீதம்தான். ஓட்டைத் தடுப்பதே ஓர் அடி என்பதை அந்த அணி புரிந்துதான் ஆடியது. பாய்தலை மூன்று முறை ஆக்கலாம் என்ற கோரிக்கையை மறுத்ததற்கு இதுதான் காரணம்.

நடுவரின் பாடு

இணையத்தில் ஆட்டத்துக்கு வெளியேயும் தகவல் கசியும். பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி ஒன்று போதும். இரவு நேரத்தில் வழக்கமாக வராத மூவர் ஒரே சமயத்தில் வந்திருந்தால் கவனிக்கும் ஆள் கவனித்துவிடுவார். ஆட்டக் காலத்தில் எல்லோரும் தங்கள் நிலையை மறைத்து வைப்பது என்று விதி போட்டோம். இரவுச் செயல்கள் எல்லாம் சீக்கிரம் வந்துசேர்ந்தாலும் 24 மணி நேரம் முழுக்க ஓடியே தீரும். இல்லையென்றால், யார் எட்டிப் பார்த்ததும் விடிந்தது என்று கணக்குப் போடுவார்கள்.

நடுவர் அனுப்பும் பாத்திரச் செய்தி 13 பேருக்கும் ஒரே வார்ப்பில், ஏறத்தாழ ஒரே நீளத்தில் போக வேண்டும். அதன் ஸ்க்ரீன்ஷாட்டையோ வாசகத்தையோ பொதுவில் போட்டால் ஆட்டத்திலிருந்து நீக்கம். இதில் கறாராக இல்லாவிட்டால் 'இதோ என் செய்தி' என்று ஒருவர் ஒட்டுவார், ஒட்ட முடியாதவர்தான் மந்திரவாதி, ஆட்டம் காலி.

மரணக் காட்சிகளை வர்ணிப்பதில் நடுவருக்கு ஆசை அதிகம், படிப்பவர்களுக்கும்தான். சிக்கல் என்னவென்றால், பனியில் பதிந்த ஈரக் காலடிகள் என்று அவர் அழகுக்காக எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஓடக்காரர்தான் குற்றவாளி என்று பாதி நாள் வாதம் ஓடும். கதையை வெட்ட மனமில்லை. அதனால் காட்சிகள் எல்லாவற்றையும் பாத்திரங்களைக் குலுக்கிப் பிரிப்பதற்கு முன்பே எழுதி முடித்து, அதை எல்லோருக்கும் சொல்லியும்விட்டோம். வரியில் துப்பு இருக்க வாய்ப்பே இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக ரசித்தார்கள்.

இரவுச் செயல்கள் எல்லாம் ஒரே நொடியில் நடப்பதாகக் கொள்வது என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டது. அன்றிரவு சாகிறவரின் செயலும் செல்லும். நிழல்காரி செத்த இரவில் அவள் கண்டது அவளோடே போகும் என்பதால் இதனால் பெரிய குழப்பமில்லை. 

தீராத இடங்கள்

முதல் பகலிலேயே வெளியேறுபவர் இரண்டு வாரம் என்ன செய்வார்? அவலான் என்ற ஆட்டத்தைப் போல யாருமே வெளியேறாத வடிவம் ஒரு வழி. ஆனால் மரணம் இல்லாமல் இந்தக் கோட்டைக் கதை நிற்காது. இறந்தவர்களுக்கு ஆவிகள் அறை என்று ஒன்று திறந்து, ஒவ்வொரு விடியலிலும் அவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்த ஒரே ஒரு சொல்லை ஊருக்கு அனுப்பலாம் என்று வைத்தோம். ஆட்களின் பெயரைச் சொல்லக் கூடாது. செத்த மந்திரவாதியும் அந்த அறையில் இருப்பதால் சொல்லை நம்பவும் முடியாது. ஆவிகள் குஷியாக இருந்தார்கள். உயிரோடிருப்பவர்கள்தான் 'கதவு' என்ற சொல்லுக்கு உரை எழுதியே ஒரு பகலைத் தீர்த்தார்கள். ஒரு விடியல் விட்டு ஒரு விடியல் என்று குறைத்த பிறகு பரவாயில்லை, ஆனால் இது இன்னும் சரியாக உட்காரவில்லை.

நடுவே காணாமல் போகிறவர்களுக்கு மாற்றாட்கள் வேண்டும். தொடங்கும் முன்பே இரண்டு பேரை ஒதுக்கி வைத்துவிடுவது நல்லது. மாற்றாளாக வருபவர் முந்தையவரின் பேச்சுக்குப் பொறுப்பேற்றே ஆட வேண்டும், 'அது நான் எழுதியதில்லை' என்ற சால்ஜாப்பு செல்லாது.

13 பேர் கிடைக்காத சமயத்துக்கு 9 பேர், 2 மந்திரவாதிகள் என்று ஒரு குறுவடிவம் தயாராகிறது. சக்தியே இல்லாத நிலையில் அதில் ஊரின் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் என்பதால், நிழல்காரியும் காவலரும் போதும், மணி வேண்டியதில்லை. பாய்தல் ஒரே முறை. அதன் வரம்பும் இறங்கும். 7 பேர் இருக்கையில் இரண்டு மந்திரவாதிகளும் திருடிய ஓட்டும் சேர்ந்து 3தான், பெரும்பான்மைக்கு 4 வேண்டும். 5 பேராகிவிட்டால் அந்த மூன்றே போதும் என்பதால், 7க்குக் கீழே வித்தை செல்லாது என்று எழுதியிருக்கிறோம்.